வலியும் காலமும் இடனும்: மின்கம்பியில் ஒரு பாடம்

கடல் கடந்து வாழும் நம் பழைய மாணவர், சுருவிலுக்கு வரும்போதெல்லாம் நம்மிடம் கேட்கும் வினா ஒன்றுண்டு: "ஐயா, பள்ளிக்கூடக் கூரைக்கு எத்தனை சூரியத் தகடு வாங்கித் தரலாம்?"

தமிழாசிரியராகிய நாம் இதற்கு விடை தேடிப் புறப்பட்டு, ஈற்றில் திருக்குறளிலேயே வந்து நின்றோம். பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. வேந்தனுக்குச் சொன்ன அம்முறை, ஊர் மின்கம்பியில் ஞாயிற்றையும் காற்றையும் இணைப்பவனுக்கும் பொருந்துவதே. "எத்தனை" என்பது வினாவின் ஒரு பகுதி மாத்திரமே. எங்கே, எப்பொழுது என்பனவும் உடன் கேட்கற்பாலன.

முதற்கண் இழப்பின் இயல்பை அறிவோம். மின்னோட்டம் செல்லுங்கால் கம்பி சூடேறும். அச்சூடு வீணான மின்சாரமாகும். ஓட்டம் இருமடங்காயின் இழப்பு நான்கு மடங்கு. மும்மடங்காயின் ஒன்பது மடங்கு. கம்பி நீள நீள மின்னழுத்தமும் தளரும். கடைக்கோடி வீட்டில் மாலை வேளை விளக்கு மங்குவதும், நீர்ப்பம்பி முனகுவதும் இதனாலேயே. நுகரும் இடத்துக்கு அண்மையில் மின்னை ஆக்கினால் இவ்விழப்புக் குறையும். ஆயின், எவ்விடத்தில், எவ்வளவு?

ஒரு கணக்குச் செய்து பார்ப்போம். 9 கிலோமீற்றர் நீளமான ஒரு கம்பி. அதன் வழிநெடுகச் சமமாகப் பரந்த வீடுகள். கிலோமீற்றருக்கு ஓர் அலகாக மொத்தத் தேவை 9 அலகு. அனைத்தும் தலைப்பிலுள்ள உபமின்நிலையத்திலிருந்தே வருமாயின், நேரும் இழப்பை 9 பங்கு என்று கொள்க.

இனி, 6 அலகு தரும் சூரிய நிலையம் ஒன்றை 6ஆம் கிலோமீற்றரில் நிறுவுவோம். அது முன்னே 3 கிலோமீற்றருக்கும் பின்னே 3 கிலோமீற்றருக்கும் ஊட்டும். எஞ்சிய முதல் 3 கிலோமீற்றரை உபமின்நிலையம் பார்த்துக்கொள்ளும். எந்த ஓட்டமும் 3 கிலோமீற்றருக்கு மேல் நடக்கவேண்டியதில்லை. இழப்பு 1 பங்காகச் சுருங்கும். அதே நிலையத்தைக் கம்பியின் கடைக்கோடியில் வைத்தால் இழப்பு 3 பங்கு. தலைப்பிலேயே வைத்தால் 9 பங்கு. ஒரு பயனும் இல்லை. "கூடத் தந்தால் நன்றன்றோ" என்றெண்ணி 9 அலகையும் கடைக்கோடியில் வைத்தாலோ, முன்பு போன ஓட்டம் இப்போது அதேயளவாய்த் திரும்பி வரும். இழப்பு மீண்டும் 9 பங்கே! அளவும் இடமும் தவறின், கொடை முழுவதும் இழப்பைக் குறைக்காது போகும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மெய்யான ஊரில் கம்பி கிளைவிடும். வீடுகள் ஓரிடத்தில் நெருங்கும், ஓரிடத்தில் அருகும். ஆதலின் பொறியியலாளர் கணினியைக் கொண்டு பல இடங்களையும் பல அளவுகளையும் மாற்றி மாற்றிக் கணித்துத் தெரிவர். நெறி ஒன்றே.

அடுத்தது காலம். ஞாயிறு உச்சியில் நிற்கும்போது வீடுகளின் தேவை சிறிது. விளக்கேற்றும் வேளையில் ஞாயிறு இல்லை. நண்பகலில் மிகுந்த மின் கம்பியில் ஏறினால் அழுத்தம் உயர்ந்து, அயல்வீட்டாரின் இன்வேட்டர்களும் தாமாகவே நின்றுவிடும். 2025 ஏப்பிரலில், புத்தாண்டு விடுமுறையில் மின்தேவை குறைந்தபோது, பிற்பகல் 3 மணிவரை கூரைச் சூரியத் தொகுதிகளை நிறுத்திவைக்குமாறு இலங்கை மின்சார சபை வேண்டிக்கொண்டமை நினைவிருக்கும்.

நம் அயல்தீவுகள் இதற்கு நல்ல பாடம். நாட்டின் மின்தொடரோடு இணையாத நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியன டீசல் இயந்திரங்களையே நம்பியிருந்தன. இம்மூன்றுக்குமாக இந்திய நன்கொடையுடன் 2024 மார்ச்சில் ஓர் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. சூரிய மின் 1,700 கிலோவாற்று, காற்று மின் 530 கிலோவாற்று, சேமிப்புக் கலம் 2,400 கிலோவாற்று மணி, துணைக்கு டீசல் 2,500 கிலோவாற்று என்பது அத்திட்டம். ஞாயிறு மறைந்த பின்னும் சோளகம் வீசும். இரண்டும் ஓய்ந்தால் கலம் தாங்கும். அதுவும் ஒழிந்தால் டீசல். ஒன்றன் குறையை ஒன்று நிரப்புமாறு அமைத்தலே காலமறிதல்.

இனி நம் பழைய மாணவருக்கு விடை. பள்ளி பகலில் நடப்பது. ஆகவே அதன் பகல் தேவைக்கேற்ற தகடுகள் நன்கு பொருந்தும். அதற்கு மேலும் தர மனமிருந்தால், தகட்டைப் பெருக்காது சேமிப்புக் கலத்தைத் தருக. பகலில் சேர்ந்தது மாலையில் கம்பியேறினால், கடைக்கோடி வீட்டில் படிக்கும் பிள்ளையின் விளக்கும் சிறிது தெளியும். பணம் அனுப்புமுன், ஊர்க்கம்பியின் வரைபடத்தோடு பொறியியலாளரை ஒருமுறை கேட்பது நலம்.

மாணவர்களே, உங்களுக்கும் ஒரு வேலையுண்டு. உங்கள் ஒழுங்கையின் மின்கம்பங்களை எண்ணி, ஒவ்வொன்றிலிருந்தும் எத்தனை வீட்டுக்கு இணைப்புச் செல்கிறதெனத் தாளில் வரைந்து வாருங்கள். நிலையத்துக்குரிய இடத்தை நாம் கூடியிருந்து தேடுவோம்.