முதல் வாடகை வீடு: தீவுப்பகுதிக்குக் குடிபோகும் சோடிகளுக்கு



தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நம்மில் பலர் வாழ்நாளில் ஒரு தடவைகூட வாடகைக்கு வீடு பிடித்ததில்லை. பேர் பதிந்தால் லயத்தில் ஒரு காம்பிரா கிடைக்கும். பத்தடிக்குப் பன்னிரண்டடி. பேர் வெட்டினால் காம்பிராவும் போய்விடுமோ என்று பயம். அதற்கு நாம் முற்பணம் கொடுத்ததில்லை, எந்தக் கடதாசியிலும் கையெழுத்து வைத்ததில்லை. கூரை ஒழுகினால் ஆபீசில் போய்ச் சொன்னோம். கதவிலக்கம் இல்லாதபடியால் கடிதமும் அந்த ஆபீசுக்குத்தான் வந்தது.

இன்று பிள்ளைகள் கொழும்பில் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்கிறார்கள். அங்கே பழகிய யாழ்ப்பாணத் தீவுப்பகுதிப் பையனைக் கட்டிக்கொண்டு, ஊர்காவற்றுறைக்கோ வேலணைக்கோ நயினாதீவுக்கோ குடிபோகிற பெண்பிள்ளைகளும் இருக்கிறார்கள். மகளை அனுப்புகிற தாய்மாருக்கு ஒரே கவலைதான்: "தெரியாத ஊரு, வாடகை வீடுங்கிறாங்க, ஏமாந்து போயிடுவாங்களோ?" அதற்காகத்தான் இந்தப் பாடம்.

வீடு யாருடையது?

லயத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை, எல்லாம் தோட்டத்துக்குச் சொந்தம். யாழ்ப்பாணத்தில் இதுதான் முதல் கேள்வி. அங்கே வீடும் வளவும் பெரும்பாலும் பெண்ணுக்குச் சீதனமாகப் போகும். வாசலில் நின்று பேசுகிறவர் புருசனாக இருப்பார், உறுதி மனைவி பேரில் இருக்கும். "தம்பி, இது மனுசியின்ரை வீடு, காசை என்னட்டைத் தாங்கோ" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவருடைய கையெழுத்து மட்டும் போதாது.

காரணம் தேசவழமைச் சட்டம். யாழ்ப்பாணத்துத் தமிழரின் வழக்கங்களை 1706, 1707 காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி எழுதித் தொகுத்தார். அது இன்றும் வடக்கில் காணி, சீதனம், முதுசம் ஆகியவற்றுக்குச் சட்டமாக இருக்கிறது. இதோடு 1911ஆம் ஆண்டில் வந்த ஒரு கட்டளைச் சட்டமும் உண்டு. அதன்படி, கலியாணமான பெண் தன் பேரில் இருக்கும் அசையாச் சொத்தைக் கைமாற்றுவதற்குப் புருசனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். நாங்கள் சொல்வது இதுதான்: உறுதியைப் பாருங்கள். மனைவி பேரில் இருந்தால் இரண்டு பேரின் கையெழுத்தையும் கேளுங்கள். "என்ன பிள்ளை, எங்களை நம்பேல்லையோ?" என்று முகம் சுளித்தாலும் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

இதே சட்டத்தில் நம் பெண்பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. தேசவழமைக்கு உட்படாத பெண், அதற்கு உட்பட்ட ஆணைக் கட்டினால், அந்தக் கலியாணம் இருக்கும்வரை அவளும் அந்தச் சட்டத்துக்குள் வந்துவிடுகிறாள். அட்டனிலோ பதுளையிலோ பிறந்தவள் என்பதால் விலக்கு இல்லை. புருசன் எங்கே என்று தெரியாமல் போனாலோ, நியாயமில்லாமல் சம்மதம் மறுத்தாலோ மாவட்ட நீதிமன்றத்தில் கேட்க வழி உண்டு. இதைப் படித்தபோது எங்களுக்கே தலை சுற்றியது. கலியாணத்துக்கு முன்னால் ஒருவரும் இதைச் சொல்லித் தருவதில்லை.

சொந்தக்காரர் வெளிநாட்டில்

தீவுப்பகுதியில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் நிறைய. 1990இல் யுத்தம் அங்கே வந்தபோது சனம் ஊரோடு வெளியேறியது. சிலர் பிறகு திரும்பினார்கள், பலர் கனடா, பிரான்ஸ், சுவிஸ் என்று போய்விட்டார்கள். அந்த வீடுகளை மச்சானோ மாமியோ பக்கத்து வீட்டுக்காரரோ பார்த்துக்கொள்கிறார்கள். திறப்பு கையில் இருப்பதாலேயே வாடகைக்குக் கொடுக்கும் உரிமை வந்துவிடாது. அற்றோனித் தத்துவம் எழுதிக் கொடுத்திருக்கிறார்களா, அதில் வாடகைக்குக் கொடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டில் இருக்கிறவரோடு ஒரு தடவை தொலைபேசியில் நேரே பேசிவிடுங்கள். வாடகை எவ்வளவு என்பதை அவர் வாயாலேயே சொல்லக் கேளுங்கள். இங்கே ஒரு தொகையும் அங்கே ஒரு தொகையும் சொல்லப்பட்டால் பின்னால் மாட்டிக்கொள்வது நடுவில் இருக்கிற நீங்கள்.

அவர்களுக்கும் ஒரு பயம் இருக்கிறது. ஒருவருடைய காணியில் 10 வருசம் தடையில்லாமல், சொந்தக்காரனைப் போல இருந்துவிட்டால் உரிமை கோரலாம் என்று 1871ஆம் ஆண்டின் காலாவதிச் சட்டம் சொல்கிறது. யுத்தத்தால் ஊருக்கு வர முடியாமல் போனவர்களின் காணிகள் இப்படிப் பறிபோகக் கூடாது என்பதற்காக 2016இல் ஒரு விசேட சட்டமும் (5ஆம் இலக்கம்) வந்தது. வாடகைக்காரர் கடைசியில் வீட்டைப் பிடித்துக்கொள்வார் என்ற எண்ணம் அவர்களுக்குப் போகவில்லை. வாடகை கொடுத்து இருப்பவர் அப்படி உரிமை கோர முடியாது. ஆகவே மாதாமாதம் பற்றுச்சீட்டு கேட்கும்போது, "அண்ணை, இது உங்களுக்கும் பாதுகாப்பு" என்று சொல்லிப் பாருங்கள். வேலை செய்யும்.

ஒரு அறையைப் பூட்டித் தங்கள் சாமான்களை வைத்திருப்பதும் அங்கே உண்டு. பூட்டிய அறை எது, அதை யார் எப்போது திறப்பார் என்று பேசிக்கொள்ளுங்கள். நயினாதீவு நாகபூசணி அம்மனின் திருவிழா ஆனி மாதம். "திருவிழாவுக்கு நாங்கள் பிள்ளைகளோடை வருவம், நீங்கள் ஒரு பதினைஞ்சு நாள் வேறை இடம் பாருங்கோ" என்று பிறகு சொன்னால் கைக்குழந்தையோடு எங்கே போவீர்கள்? முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

வாடகையா, ஒற்றியா?

இந்த இடத்தில்தான் நாங்கள் மிகவும் கவலைப்படுகிறோம். யாழ்ப்பாணத்தில் ஒற்றி என்று ஒரு முறை உண்டு. சொந்தக்காரருக்கு மொத்தமாக ஒரு தொகை கொடுக்கிறீர்கள். வாடகை இல்லாமல் வீட்டில் இருக்கிறீர்கள். தவணை முடிந்ததும் அவர் காசைத் திருப்பித் தர வேண்டும், நீங்கள் வீட்டை விட வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாத வாடகை 8,000 ரூபா என்று வைத்தால் வருசத்துக்கு 96,000. அதே வீடு 5 இலட்சத்துக்கு ஒற்றி என்றால், அந்த 5 இலட்சத்தை நூற்றுக்கு 8 வட்டிக்கு வங்கியில் போட்டிருந்தாலும் வருசத்துக்கு 40,000தான் வந்திருக்கும். ஒற்றி இலாபமாகத்தான் தெரிகிறது. ஆனால் கொடுத்த 5 இலட்சத்தைச் சொந்தக்காரர் பெட்டியில் பூட்டி வைத்திருப்பாரா? மகளின் கலியாணத்துக்கோ மகனை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்கோ அது போயிருக்கும். தவணை முடியும் நாளில் "இப்ப கையிலை இல்லை, இன்னும் கொஞ்ச நாள் இருங்கோவன்" என்பார். வேறு ஊருக்குப் போக வேண்டிய நீங்கள் போகவும் முடியாமல், காசும் இல்லாமல் நிற்பீர்கள்.

அந்த 5 இலட்சம் எங்கிருந்து வந்தது என்பதையும் பாருங்கள். கலியாணம் காரணமாக வேலையை விட்டு விலகும் பெண் தன் ஊழியர் சேமலாப நிதியை எடுத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமிருக்கிறது. நம் பிள்ளை பல வருசம் தையல் இயந்திரத்துக்கு முன்னால் குந்தியிருந்து, அல்லது மலையில் கொழுந்து பறித்துச் சேர்த்த காசு அது. அதை அப்படியே எடுத்து ஒற்றிக்குக் கொடுத்து, உறுதியைப் புருசன் பேரில் மட்டும் எழுதுகிறார்கள். "நாங்க புருசன் பொஞ்சாதி, எங்களுக்குள்ள என்ன கணக்கு?" என்று நம் பிள்ளையே சொல்வாள். சந்தோசம். கணக்கு வேண்டாம், எழுத்து இருக்கட்டும். காசு யாருடையதோ அவர் பேர் உறுதியில் இருக்க வேண்டும். கலியாணத்துக்கு முன் உழைத்த காசு என்றால் அதையும் எழுதச் சொல்லுங்கள். தேசவழமையில் கலியாணத்துக்கு முன் சேர்த்தது வேறு, கலியாணத்துக்குப் பின் இரண்டு பேரும் தேடிய தேடியதேட்டம் வேறு. நாளைக்கு ஒருவருக்கு ஒன்று நடந்தால், காசு யாருக்குத் திரும்பி வரும் என்பதை அந்த எழுத்துத்தான் காட்டும்.

எங்கள் அபிப்பிராயம் கேட்டால், முதல் வருசம் ஒற்றிக்குப் போகவே வேண்டாம். மாத வாடகைக்கு இருந்து ஊரையும் ஆட்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். சேமலாப நிதி வங்கியில் தூங்கட்டும்.

எழுத்து

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்குக் காணியோ வீடோ குத்தகைக்குக் கொடுப்பதென்றால், நொத்தாரிசு முன்னால் இரண்டு சாட்சிகளோடு எழுதினால்தான் அது சட்டப்படி செல்லும். ஒற்றியும் அப்படித்தான். முத்திரை ஒட்டிய கடதாசியில் நீங்களே எழுதிக் கையெழுத்து வைப்பது போதாது. மாதாமாதம் இருக்கிற வாடகைக்கு நொத்தாரிசு கட்டாயமில்லை. ஆனால் "இரண்டு வருசம் இருக்கலாம்" என்ற வாய்ச்சொல்லை நம்பிக் கூரைத் தகடு மாற்றி, மலசலகூடம் கட்டிப் போட்டால் அந்த இரண்டு வருசத்துக்கு உத்தரவாதம் இல்லை.

ஒற்றி உறுதியை யாழ்ப்பாணக் காணிப் பதிவகத்தில் பதியுங்கள். பதியாத உறுதி, பின்னால் எழுதிப் பதிந்த உறுதிக்கு முன் தோற்றுப்போகக் கூடும். கொடுப்பதற்கு முன் அங்கேயே தேடிப் பார்த்தால், அதே வீடு ஏற்கனவே ஈட்டில் இருக்கிறதா என்பதும் தெரியும்.

நொத்தாரிசு முன் எழுதிய குத்தகையில் முடிவுத் திகதி இருக்கும். அதைக் கலண்டரில் குறித்து வையுங்கள். தவணை முடிந்தும் வெளியேறாதவரிடமிருந்து வீட்டை விரைவாக மீட்பதற்கு 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் சொந்தக்காரருக்கு வழி கொடுத்திருக்கிறது. இரண்டு மாதம் முந்தியே புதுப்பிப்பதைப் பற்றிப் பேசுங்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை என்றால், 1978இல் சட்டப்படி அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. போய்க் கேட்கலாம்.

வந்து குடியேறியதும் விதானையாரிடம், அதாவது கிராம அலுவலரிடம், இரண்டு பேரும் போய்ப் பதியுங்கள். வதிவிடச் சான்றிதழ், வாக்காளர் இடாப்பு, பிறகு பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்று எல்லாவற்றுக்கும் அந்த விலாசம் வேண்டும். தோட்டத்து ஆபீசுக்கு வந்த கடிதம் இனி உங்கள் படலைக்கே வரும்.

தண்ணீர்

மலைநாட்டில் பீலியில் ஓடிய தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இது புதுசு. தீவுகளில் ஆறில்லை. சுண்ணாம்புக் கல் பூமி. மழைத்தண்ணீர் கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத்தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாக நிற்கிறது. மோட்டார் போட்டு வேகமாக இறைத்தால் உப்பு மேலே ஏறிவிடும். மழை ஐப்பசி முதல் மார்கழி வரை. தை மாதம் வீடு பார்க்கப் போனால் கிணறு நிறைந்து, தண்ணீரும் பரவாயில்லை என்று தோன்றும். அதே கிணறு ஆவணியில் உவர்த்துப் போகும்.

ஆகவே முடிந்தால் ஆடி, ஆவணியில் வீடு பாருங்கள். முடியாவிட்டால் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேளுங்கள், வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டாம். கிணற்றுத் தண்ணீரில் ஒரு தேத்தண்ணி போட்டுக் குடித்துப் பாருங்கள். நம்மவர்களுக்கு இதில் பாடம் தேவையில்லை, சாயம் கறுத்து மேலே ஆடை படிந்தாலே விசயம் தெரிந்துவிடும். நல்ல தண்ணீர் எங்கிருந்து வருகிறது, பவுசரா குழாயா, எத்தனை நாளுக்கு ஒரு தடவை, அந்தக் காசு யார் கணக்கு என்று கேளுங்கள். வாடகை குறைவான வீட்டில் தண்ணீருக்கே மிச்சக் காசு போகலாம். வேலணையில் சாட்டிப் பக்கத்துக் கிணறுகள் நல்ல தண்ணீருக்குப் பேர்போனவை. அதற்குக் கிட்ட வீடு கிடைத்தால் அதிர்ஷ்டம்.

கடல்

வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு வரை பஸ் போகும். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் குறிகாட்டுவானில் இறங்கிப் படகு ஏற வேண்டும். நயினாதீவு கிட்டத்தான், நெடுந்தீவுக்குச் சுமார் ஒரு மணித்தியாலம். கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. கர்ப்பிணிப் பெண் இருக்கும் வீட்டில் இதை இரண்டு தடவை யோசியுங்கள். பிள்ளை பிறக்கும் மாதம் கார்த்திகை, மார்கழியாக இருந்தால், முன்கூட்டியே யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் வீட்டில் இருப்பது நல்லது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் நாட்டின் பொது மின்தொகுதியோடு சேராமல் டீசல் இயந்திரங்களில் மின்சாரம் பெற்று வந்தவை. சூரிய ஒளி, காற்று மின்சாரத் திட்டத்துக்கு இந்திய உதவியோடு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் எழுதினார்கள். எந்தத் தீவானாலும் குடிபுகும் நாளில் மின்மானியின் இலக்கத்தைக் குறித்து, வீட்டுக்காரரையும் அதில் கையெழுத்து வைக்கச் சொல்லுங்கள். பழைய பில் பாக்கி உங்கள் தலையில் விழக் கூடாது.

இன்னொன்று. வளவில் தென்னையும் முருங்கையும் நிற்கும், சில இடங்களில் பனையும் நிற்கும். காய் யாருக்கு? சொந்தக்காரர் ஆள் அனுப்பித் தேங்காய் பறிப்பிப்பாரா, நீங்கள் எடுக்கலாமா, விழுந்த ஓலை யாருக்கு? வாடகையைப் பற்றிச் சண்டை பிடிக்காதவர்கள் தேங்காய்க்குச் சண்டை பிடித்திருக்கிறார்கள். அதையும் அந்தக் கடதாசியில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.