பிக்கப்புக்கு எந்தப் பெட்டி?

கேள்வி: கொச்சி ஜூ டவுனில் கடை வைத்திருக்கிறேன். என் டபுள் கேபின் பிக்கப்புக்கு எந்த சப்வூஃபர், எந்தப் பெட்டி சரிப்படும்?

பதில்: மூடிய பெட்டியில் 10 அங்குல ஷாலோ சப்வூஃபர் ஒன்றே போதும், பின்சீட்டுக்கு அடியில் அடங்கிவிடும். மூடிய பெட்டியில் தாழ்ந்த ஒலி ஆக்டேவுக்கு 12 டெசிபெல் வீதம் தேயும். சின்ன கேபினோ ஏறக்குறைய அதே அளவுக்கு அதைத் தூக்கிக் கொடுக்கும். அதனால்தான் தவிலின் தொப்பிப் பக்கம் குழையாமல் கேட்கிறது. போர்ட் பெட்டிதான் அதிரும் என்பார்கள். உண்மைதான், ஆனால் அது இடத்தை அடைக்கும், ட்யூன் செய்த அதிர்வெண்ணுக்குக் கீழே கோன் கட்டுப்பாடின்றி ஆடும். ஜூ டவுன் இருக்கும் மட்டாஞ்சேரியின் ஈரக்காற்றில் எம்.டி.எஃப். பலகை உப்பிவிடும், 18 மி.மீ. மரைன் பிளைவுட்டே கேளுங்கள். சத்தத்திலும் கவனம் வேண்டும்: உங்கள் தெரு குறுகல், 1568-இல் எழுந்த பரதேசி யூத ஆலயமும் அங்கேதான். குடியிருப்புப் பகுதிக்கு இரவு வரம்பு 45 டெசிபெல். பத்து மணிக்குமேல் பேஸைக் குறைத்துவிடுங்கள்.