பச்சை எல்லாம் காடு ஆகுமா?

கேமரன் மலையில் ஒரு பல்லுயிர்ப் பாடம்

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையில் முதலில் இருபுறமும் அடர்ந்த காடு வரும். ரிங்லெட்டைத் தாண்டி மேலே போகப் போக, வாரி விட்ட தலைமுடி போல வரிசை வரிசையாகத் தேயிலை தெரியும். இரண்டும் பச்சைதான். தூரத்திலிருந்து எடுத்த படத்தில் இரண்டையும் பிரித்துச் சொல்வதுகூடக் கடினம். வெளுத்ததெல்லாம் பால் அல்ல என்று நம் பெரியோர் சொல்வார்கள். பச்சையாய் இருப்பதெல்லாம் காடுதானா?

இந்தக் கேள்வி விளையாட்டுக்காகக் கேட்பதல்ல. 1992ஆம் ஆண்டு ரியோ டி ஜெனிரோவில் நடந்த பூமி உச்சநிலை மாநாட்டில், தன் நிலப்பரப்பில் குறைந்தது 50 விழுக்காட்டைக் காடாக வைத்திருப்பதாக மலேசியா உறுதியளித்தது. இன்றும் நாட்டின் நிலத்தில் பாதிக்கு மேல் காடு என்றே அரசாங்கக் கணக்குகள் காட்டுகின்றன. அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று புரிந்துகொள்வதே இன்றைய பாடம்.

காடு என்பதற்கு அளவுகோல்

ஐக்கிய நாட்டு உணவு, விவசாய அமைப்பு காட்டுக்கு ஒரு வரையறை வைத்திருக்கிறது. அதில் மூன்று அளவுகள் உண்டு.

1. நிலம் 0.5 ஹெக்டருக்கு மேல் இருக்க வேண்டும். அதாவது ஏறக்குறைய ஒன்றேகால் ஏக்கர்.
2. மரங்கள் 5 மீட்டருக்கு மேல் வளர்ந்திருக்க வேண்டும்; அல்லது அந்த இடத்திலேயே அவ்வளவு வளரக்கூடியவையாக இருக்க வேண்டும்.
3. மேலிருந்து பார்த்தால் மரங்களின் இலைக்கூரை நிலத்தில் 10 விழுக்காட்டுக்கு மேல் மூடியிருக்க வேண்டும்.

இவற்றோடு ஒரு நிபந்தனையும் உண்டு. அந்த நிலம் முதன்மையாக விவசாயத்துக்கோ குடியிருப்புக்கோ பயன்படக் கூடாது.

இப்போது தேயிலையைச் சோதிப்போம். தேயிலை பிறவியில் செடி அல்ல, மரம். சும்மா விட்டால் அசாம் வகைத் தேயிலை 10 மீட்டரையும் தாண்டி வளரும். கவாத்து செய்தும் கொழுந்து பறித்தும்தான் அதை இடுப்பளவில் நிறுத்தி வைத்திருக்கிறோம். ஆகவே ‘வளரக்கூடிய மரம்’ என்று யாராவது வாதாடலாம். ஆனால் நிலம் விவசாய நிலம் என்பதால் தேயிலைத் தோட்டம் காட்டுக் கணக்கில் சேராது.

இதே அமைப்பின் விதிப்படி செம்பனைத் தோட்டம் காடு அல்ல. ரப்பர்த் தோட்டமோ நட்டு வளர்த்த காடு என்ற பிரிவில் சேர்கிறது. இந்தியாவின் வன அளவைத் துறை வேறொரு விதியைப் பின்பற்றுகிறது. நிலம் யாருடையது, எதற்குப் பயன்படுகிறது என்று பார்க்காமல், ஒரு ஹெக்டருக்குக் குறையாத நிலத்தில் 10 விழுக்காடு மரக்கூரை இருந்தால் அதை வனப்பரப்பில் சேர்த்துக்கொள்கிறது. எனவே ஒரு தென்னந்தோப்பு ஒரு கணக்கில் காடாகும், இன்னொரு கணக்கில் ஆகாது. தோப்பு மாறவில்லை, வரையறைதான் மாறியது.

ஆகவே எங்காவது ‘வனப்பரப்பு இத்தனை விழுக்காடு’ என்று படித்தால், யாருடைய வரையறைப்படி என்று முதலில் கேளுங்கள்.

மரம் குறைந்த நாடு கற்றுத்தரும் பாடம்

ஐரோப்பாவில் அயர்லாந்து காடு குறைந்த நாடுகளில் ஒன்று. நூற்றாண்டுக்கணக்கில் மரங்களை வெட்டியதால் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே காடு ஏறக்குறைய 1 விழுக்காட்டுக்குச் சுருங்கியிருந்தது. பிறகு அரசாங்கம் தொடர்ந்து மரம் நட்டது. இன்று அது 11 விழுக்காட்டை ஒட்டியிருக்கிறது. எண்ணை மட்டும் பார்த்தால் பெரிய வெற்றி.

ஆனால் அந்தக் காட்டில் பாதியை நெருங்கும் பகுதி ஒரே மரம். அது சிட்கா ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரம். அதன் தாயகம் வட அமெரிக்காவின் மேற்குக் கரை. வேகமாக வளரும், பலகைக்கு உதவும். ஒரே வயது மரங்கள் நெருக்கமாக நிற்பதால் தரைக்கு வெளிச்சம் குறைவாகவே இறங்குகிறது. கீழே மற்றச் செடிகள் வளர்வது கடினம். அயர்லாந்தின் பழைய ஓக் காட்டில் வாழ்ந்த பல பூச்சிகளுக்கும் பாசிகளுக்கும் அது வீடாவதில்லை.

மரங்களின் பரப்பு கூடுவது ஒன்று, உயிர்களின் வகை கூடுவது வேறொன்று. முதலாவது வனப்பரப்பு, இரண்டாவது பல்லுயிர்.

நம் மலைக்காட்டில் இருப்பவை

கேமரன் மலை தித்திவாங்சா மலைத்தொடரில் இருக்கிறது. 1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இப்பகுதியை ஆராய்ந்ததால் அவர் பெயர் நிலைத்தது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை அழித்துத் தேயிலை நட்ட அந்த உழைப்பில் தென்னிந்தியாவிலிருந்து வந்த நம்மவர்களின் பங்கு பெரிது. அதற்கும் வெகு காலத்துக்கு முன்பிருந்தே செமாய் பூர்வகுடியினர் இந்தக் காடுகளில் வாழ்ந்து வருகிறார்கள்.

இங்கே உயரம் கூடக் கூடக் காட்டின் முகம் மாறும். அடிவாரத்தில் வானளாவிய மெராந்தி போன்ற மரங்கள். மேலே போனால் ஓக் குடும்ப மரங்களும் இலவங்கக் குடும்ப மரங்களும். 1,500 மீட்டருக்கு மேல் மரங்கள் குட்டையாகி முறுக்கிக்கொள்ளும். 2,031 மீட்டர் உயரமுள்ள பிரிஞ்சாங் மலை உச்சியருகே கிளை, தண்டு, வேர் எல்லாவற்றையும் பாசி போர்த்தியிருக்கும். அதுதான் பாசிக்காடு.

அங்கே குடுவைச் செடியைப் பார்க்கலாம். மலாய் நண்பர்கள் ‘பெரியோக் கெரா’, அதாவது குரங்குப் பானை என்பார்கள். மண்ணில் சத்து குறைவு என்பதால் அது பூச்சிகளைக் குடுவைக்குள் விழவைத்துச் செரிக்கிறது. காட்டுக்குள் வாழும் மலை மயில்கோழி மலாய்த் தீபகற்பத்தின் மலைகளைத் தவிர உலகில் வேறு எங்கும் இல்லை. இப்படிப்பட்ட உயிரினத்தை ஓரிட வாழ்வி என்கிறோம்.

சற்றுத் தாழ்வான காடுகளில் ரஃப்ளேசியா பூக்கிறது. அதற்கு இலையும் இல்லை, தண்டும் இல்லை. ஒரு வகைக் காட்டுக்கொடிக்குள் ஒட்டுண்ணியாக வாழ்ந்து, பூக்கும்போது மட்டும் வெளியே தெரியும். அந்தக் கொடியை வெட்டினால், பூவைத் தொடாமலேயே பூவை அழித்துவிடுகிறோம். ஓர் உயிர் இன்னோர் உயிரின் மேல் நிற்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

எண்ணிப் பார்ப்போம்

பல்லுயிரை எண்ணால் அளக்க முடியுமா? முடியும். சிம்ப்சன் பல்வகைமைக் குறியீடு என்று ஒன்று உண்டு. ஓர் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு செடிகளைத் தொட்டால், அவை வெவ்வேறு இனமாக இருக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பதே அதன் பொருள். விடை 0க்கும் 1க்கும் இடையில் வரும். 1ஐ நெருங்க நெருங்கப் பல்லுயிர் அதிகம்.

பயிற்சிக்காக இரண்டு கட்டங்களைக் கற்பனை செய்வோம். இரண்டிலும் 20 செடிகள்.

தேயிலைக் கட்டம்: தேயிலை 18, பெரணி 1, புல் 1.
காட்டுக் கட்டம்: எட்டு இனங்கள், முறையே 4, 4, 3, 3, 2, 2, 1, 1.

கணக்கிடும் முறை இது. ஒவ்வோர் இனத்தின் எண்ணிக்கையையும் அதைவிட ஒன்று குறைந்த எண்ணால் பெருக்கிக் கூட்டுங்கள். மொத்த எண்ணிக்கையையும் அவ்வாறே பெருக்கி, அதனால் வகுங்கள். வந்ததை 1லிருந்து கழியுங்கள்.

தேயிலை: 18 × 17 = 306. மற்ற இரண்டு இனங்களுக்கும் 1 × 0 = 0. மொத்தத்துக்கு 20 × 19 = 380. 306 ÷ 380 = 0.81. எனவே 1 − 0.81 = 0.19.

காடு: 12 + 12 + 6 + 6 + 2 + 2 + 0 + 0 = 40. 40 ÷ 380 = 0.11. எனவே 1 − 0.11 = 0.89.

இரண்டு கட்டத்திலும் பச்சை ஒன்றுதான், செடிகளின் எண்ணிக்கையும் ஒன்றுதான். உயிர்வகை மட்டும் வேறு.

துண்டு துண்டான காடு

ஒரு மலையில் 100 ஹெக்டர் காடு இருந்தது. இன்றும் 100 ஹெக்டர் இருக்கிறது. அப்படியானால் எதுவும் மாறவில்லையா? அது ஒரே துண்டா, பல துண்டா என்று பார்க்க வேண்டும்.

காட்டின் ஓரத்தில் வெயிலும் காற்றும் புகுந்து ஈரம் குறையும், களைகள் நுழையும், வேட்டைக்காரர்களும் எளிதில் வருவார்கள். இதை விளிம்பு விளைவு என்பர். அது ஓரத்திலிருந்து 100 மீட்டர் உள்ளே வரை எட்டுவதாக வைத்துக்கொள்வோம்.

ஒரு கிலோமீட்டர் பக்கமுள்ள ஒரே சதுரக் காடு: உட்பகுதி 800 × 800 மீட்டர், அதாவது 64 ஹெக்டர்.
அதையே 25 ஹெக்டர் கொண்ட நான்கு சதுரங்களாகப் பிரித்தால்: ஒவ்வொன்றிலும் 300 × 300 மீட்டர். மொத்தம் 36 ஹெக்டர்.
ஒரு ஹெக்டர் கொண்ட நூறு சதுரங்களாகப் பிரித்தால்: உட்பகுதி பூச்சியம்.

மூன்றிலும் வனப்பரப்பு 100 ஹெக்டர்தான். ஆழ்ந்த காட்டை நம்பி வாழும் உயிருக்கோ மூன்றாவதில் இடமே இல்லை. மலாயாப் புலிகள் இன்று காட்டில் 150க்கும் குறைவாகவே எஞ்சியிருக்கின்றன. புலிக்குத் தேவை பரந்து தொடரும் காடு. அதனால்தான் தீபகற்பத்தின் பெரிய காடுகளை மீண்டும் இணைக்க ‘மத்திய வனத்தொடர்’ திட்டம் வகுக்கப்பட்டது.

மலையுச்சிக்கு மேல் மலை இல்லை

100 மீட்டர் உயரத்துக்கு வெப்பநிலை சுமார் 0.6 பாகை செல்சியஸ் குறையும். பூமி ஒரு பாகை சூடானால், அதே குளிரைத் தேடி ஒரு செடியினம் ஏறக்குறைய 170 மீட்டர் மேலே நகர வேண்டும். நடுமலையில் உள்ளது நகரலாம், வழியில் காடு இருந்தால். உச்சியில் உள்ள பாசிக்காடு எங்கே போகும்?

பாசிக்காடு போனால் நமக்கும் இழப்பு உண்டு. மேகம் தவழும்போது அந்தப் பாசிகள் நுண்ணிய நீர்த்துளிகளைப் பிடித்து மெல்ல மண்ணுக்குள் விடுகின்றன. பெர்த்தாம், தெலோம் ஆறுகள் பிறப்பது இந்த மலைகளில்தான். சரிவில் காட்டை வெட்டி மண்ணை வெறுமையாக விட்டால், மழை அதை ஆற்றுக்கு இழுத்து வந்து ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் சேர்க்கிறது. வண்டல் சேரச் சேரத் தண்ணீருக்கு இடம் குறைகிறது. 2013 அக்டோபர் 23 அதிகாலை, கனமழையால் நீர்மட்டம் விரைந்து உயர்ந்து சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் புகுந்தது. வீடுகளும் வாகனங்களும் அடித்துச் செல்லப்பட்டன, உயிர்களும் பலியாயின.

தேயிலை எதிரியா?

இல்லை. பல ஆண்டுகள் நிற்கும் பயிர் என்பதால், நன்கு வளர்ந்த தேயிலை மண்ணை மூடிப் பிடித்துக்கொள்கிறது. சரிவில் அடிக்கடி கிளறப்படும் காய்கறிப் பாத்தியைவிட அது மேல். அதோடு பல தோட்டங்களின் குன்று முகடுகளிலும் ஓடைக்கரைகளிலும் இன்னும் காடு நிற்கிறது. அந்தத் துண்டுகளை என்ன செய்கிறோம் என்பதே கேள்வி.

தமிழ்நாட்டின் வால்பாறை இதற்கு ஒரு வழி காட்டுகிறது. அங்கும் தேயிலைக் கடலுக்கு நடுவே மழைக்காட்டுத் துண்டுகள் தீவுகளாக நிற்கின்றன. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பின் ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டையொட்டித் தோட்ட நிறுவனங்களோடு சேர்ந்து, அந்தத் துண்டுகளில் மண்ணுக்குரிய மரங்களையே நட்டுக் காட்டை மீட்டு வருகிறார்கள். ஒரே மரத்தை ஆயிரம் நடாமல், பல வகை மரங்களைக் கலந்து நடுகிறார்கள். சாலையைக் கடக்கும் சிங்கவால் குரங்குகள் வாகனத்தில் அடிபடாமலிருக்க, மரத்துக்கு மரம் தொங்குபாலமும் கட்டப்பட்டது. தேயிலையும் இருக்கிறது, குரங்கும் இருக்கிறது.

நம் மலையிலும் ஓடைக்கரைக் காட்டை விட்டுவைத்து, துண்டுக்கும் துண்டுக்கும் இடையே மரப்பாதை அமைத்தால், வனப்பரப்பு எண் பெரிதாக மாறாது. உயிர்களின் எண் மாறும்.

செய்து பாருங்கள்

நான்கு மீட்டர் கயிற்றால் ஒரு மீட்டர் பக்கமுள்ள சதுரம் அமையுங்கள். பள்ளித் திடலில் ஒன்று, வேலியோரத்தில் கவனிப்பாரற்றுக் கிடக்கும் புதரில் ஒன்று. ஒவ்வொன்றிலும் செடியினங்களை எண்ணுங்கள். பெயர் தெரியாவிட்டால் ‘இனம் 1’, ‘இனம் 2’ என்று குறித்தால் போதும். எதையும் பிடுங்க வேண்டாம். பிறகு குறியீட்டைக் கணக்கிட்டு ஒப்பிடுங்கள்.

சிந்திக்க

1. செம்பனைத் தோட்டமும் மரங்களால் ஆனதுதான். அதை ஏன் காட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை?
2. இரண்டு மாநிலங்களில் வனப்பரப்பு ஒரே அளவு. ஒன்றில் காடு தொடர்ச்சியாகவும் மற்றொன்றில் நூறு துண்டாகவும் இருக்கிறது. எதில் புலி பிழைக்கும்? ஏன்?
3. உங்கள் பள்ளி 100 மரக்கன்றுகள் நடப்போகிறது. எந்த இனங்களை, எந்த இடத்தில் நடச் சொல்வீர்கள்?