சிரட்டையும் போத்தலும் வாத்தியமான கதை

மத்தளத்தின் தோற்றத்தைப் பற்றிப் பேசினால் மரத்தைக் குடைபவர், தோல் பதப்படுத்துபவர், வார் பிடிப்பவர் எனத் தொழிலாளர் பலர் நினைவுக்கு வருவர். புத்தளம் கரையோரத்திலோ பட்டறையே இல்லாமல் உருவான வாத்தியக் கைவினை ஒன்று உண்டு. சிரம்பியடியில் வாழும் ஆபிரிக்க வம்சாவளியினர் 'மஞ்சா' பாடும்போது சிரட்டைப் பாதிகளையும் கண்ணாடிப் போத்தலையும் கரண்டியையும் கையிலெடுக்கின்றனர். றபானும் டோலக்கும் துணைக்கு வரும். இப்பொருள்கள் ஏன் சமையலறையிலிருந்து வந்தன? இதுவே இப்பாடத்தில் நாம் ஆராய்வது.

இம்மக்கள் 'காப்பிரியர்' எனப்படுகின்றனர். 'நம்பிக்கையற்றவர்' எனப் பொருள்படும் அரபுச் சொல்லே இதன் மூலம். தென்னாபிரிக்காவில் இது கொடிய வசைச்சொல்; இங்கு அவர்களே தம்மை அவ்வாறு அழைக்கின்றனர். இன்று அவர்களுள் பெரும்பாலோர் கத்தோலிக்கர் என்பதை நினைத்தால் அப்பெயரின் முரண் விளங்கும்.

போர்த்துக்கேயரும் பின்னர் ஒல்லாந்தரும் ஆபிரிக்கரை அடிமைகளாக இத்தீவுக்குக் கொண்டுவந்தனர். ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மொசாம்பிக், கோவா ஆகிய இடங்களிலிருந்தும் ஆட்களைத் தருவித்துப் படையில் சேர்த்தனர். புத்தளத்தில் நிலைகொண்ட படையினருள் ஓய்வுபெற்றோருக்குச் செல்லங்கண்டலில் காணி கிடைத்தது. இலங்கை றைபிள் படைப்பிரிவு 1873இல் கலைக்கப்பட்டது. இவர்களின் வழிவந்தோரே சிரம்பியடிக் குடும்பங்கள்.

அடிமைக் கப்பலில் ஏறியவன் கையில் மேளம் இருந்திருக்காது. உடலில் தாளம் இருந்தது. கரைசேர்ந்த இடத்தில் கிடைத்த பொருளைக் கொண்டு அத்தாளத்தை மீண்டும் எழுப்பினான் என்பதே நமது கருத்து. உலகின் பிற பகுதிகளிலும் இதற்குச் சான்றுகள் உண்டு. பெருவின் கரையோர ஆபிரிக்கர் சரக்குப் பெட்டியைத் தட்டியதிலிருந்து 'கஹோன்' பிறந்தது. டிரினிடாட்டில் 1884ஆம் ஆண்டுச் சட்டம் மேளத்தை ஒடுக்கியபோது மூங்கிலைத் தரையில் குத்தி வாசித்தனர். 1930களில் தகர டப்பாக்களும், பின்பு எண்ணெய்ப் பீப்பாய்களும் அவ்விடத்தைப் பிடித்தன. குஜராத்தின் சித்தி மக்களிடமோ 'மலுங்கா' என்னும் வில் வாத்தியம் இன்றும் உள்ளது. நமது கரையிலோ தென்னை இருந்தது, சிரட்டைக்குக் குறைவில்லை.

இதில் கைவினை எங்கே என்று கேட்கலாம். தேர்ந்தெடுப்பதிலேதான். நன்கு முற்றிக் காய்ந்த சிரட்டைதான் தெளிவாக ஒலிக்கும். ஈரச் சிரட்டை மந்தமாகும். போத்தலை இறுகப் பிடித்தால் ஓசை செத்துவிடும். விரல் நுனியில் தளர்த்திப் பிடிக்க வேண்டும். சிறிது நீர் ஊற்றித் தட்டினால் சுருதி இறங்கும். றபானின் ஆட்டுத்தோல் தளர்ந்தால் தணலில் காய்ச்சி இறுக்குவர். இவற்றை எந்தப் பாடசாலையும் கற்பிக்கவில்லை. தாயின் அருகிலிருந்து பிள்ளை பழக வேண்டியவை இவை.

மஞ்சா மெதுவாகத் தொடங்கி வேகம் பிடிக்கும். ஓரிரு அடிகளே திரும்பத் திரும்ப வரும். மொழி போர்த்துக்கேயக் கிரியோல். கதிரை, யன்னல், அலுமாரி என நாம் நாளாந்தம் பேசும் சொற்களும் அதே போர்த்துக்கேயத்தின் மிச்சமே. ஆனால் சிரம்பியடியில் இன்றைய வீட்டுமொழி சிங்களம். பாடுகிறவருக்கே பல வரிகளின் பொருள் தெரிவதில்லை. மட்டக்களப்புப் பறங்கியரின் 'கவ்ரிஞ்ஞா'வுக்குப் பெயர் தந்ததும் இம்மக்களே. 1940களில் வொலி பஸ்தியான் பரவலாக்கிய பைலாவிலும் அத்தாளம் ஒலிக்கிறது. நாடெங்கும் கலியாண வீடுகளில் பைலாவுக்கு ஆடுகிறோம். ஆடுவோருள் எத்தனை பேர் சிரம்பியடியை அறிவர்?

அபிவிருத்திப் பணியாளராகிய நமக்கும் இதில் பொறுப்புண்டு. மேடை நிகழ்ச்சிக்கு அழைக்கும்போது 'நல்ல' வாத்தியம் வாங்கித் தர நாம் விரைகிறோம். மின்விசைப் பலகை வந்ததும் சிரட்டை பின்வரிசைக்குப் போகிறது. ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தாளத்தில் இருந்த இடம் அதனோடு போய்விடுகிறது. உதவ விரும்புவோர் முதலில் முதியோரிடம் கேட்டுப் பாடல்களின் பொருளை எழுதி வைக்கட்டும். ஒலிப்பதிவு செய்வோர் பாடும் குரலோடு நின்றுவிடாமல், சிரட்டை எந்த அடியில் விழுகிறது, போத்தல் எங்கே இடையில் நுழைகிறது என்பதையும் குறித்துக்கொள்ளட்டும். பதிவின் ஒரு பிரதி அக்குடும்பங்களிடமே இருக்க வேண்டும்.