ஒரு சுவர், நான்கு குழுக்கள்

சுவர் என்றவுடன் செங்கல்லும் சிமெண்டும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால், ஐரோப்பாவில் சில வீடுகளின் சுவர்கள் ஒரு செடியின் தண்டைக் கொண்டு எழுப்பப்படுகின்றன. தொழிற்பயிராக வளர்க்கப்படும் ஹெம்ப் என்னும் அச்செடியிலிருந்து நாரைப் பிரித்தெடுத்த பிறகு, எஞ்சும் உட்தண்டைச் சிறு சில்லுகளாக நறுக்குவார்கள். அவற்றைச் சுண்ணாம்புடனும் நீருடனும் கலந்தால் கிடைப்பதே ஹெம்ப்கிரீட். 1980களில் பிரான்சில் பழைய மரச்சட்ட வீடுகளைப் புதுப்பிக்கும் முயற்சியில் இம்முறை உருவானது. 2011இல் இங்கிலாந்தின் சுவின்டன் நகரில் 42 வீடுகள் கொண்ட குடியிருப்பு ஒன்று ஹெம்ப்கிரீட் சுவர்களுடன் கட்டி முடிக்கப்பட்டது.

ஹெம்ப்கிரீட் எடை குறைந்தது. குளிரையும் வெப்பத்தையும் எளிதில் உள்ளே விடாது. ஆயினும், கூரையின் பாரத்தை அதனால் தாங்க இயலாது. எனவே, தச்சர்கள் முதலில் மரச்சட்டத்தை நிறுத்துவார்கள். அதன்பின் நான்கு குழுக்கள் களமிறங்கும். முதற்குழு, சட்டத்தின் இருபுறமும் அச்சுப்பலகைகளைப் பொருத்தும். இரண்டாம் குழு, இயந்திரத்தில் கலவையைத் தயாரிக்கும். மூன்றாம் குழு, அதனை வாளிகளில் சுமந்து செல்லும். நான்காம் குழு, கலவையைப் பலகைகளுக்கிடையே மெல்லிய அடுக்குகளாகக் கொட்டி, கையாலோ கட்டையாலோ இலேசாக அழுத்தும்.

கேட்பதற்கு எளிய வேலைதான். ஆனால், சிக்கல் நேரத்தில் இருக்கிறது. நீர் பட்டதும் கலவை சிறிது சிறிதாக இறுகத் தொடங்கிவிடும். கலக்கும் குழு மிக விரைவாக வேலை செய்வதாக வைத்துக்கொள்வோம். சாரத்தின் அடியில் கலவை குவிந்து, பயன்படுத்தும் முன்பே காய்ந்துவிடும். அதில் மீண்டும் நீர் தெளித்துச் சமாளித்தால் சுவர் வலுவிழக்கும். அதைக் கண்டு பதறி, நிரப்பும் குழு அவசர அவசரமாகக் குத்தி அடைத்தாலோ வேறொரு கேடு நேரும். சில்லுகளுக்கிடையே உள்ள காற்றிடைவெளிதான் வெப்பத்தைத் தடுக்கிறது. அழுத்தம் மிகுந்தால் அந்த இடைவெளி குறைந்துவிடும். தவறு தொடங்கியது ஓரிடத்தில். அதன் விளைவு தெரிவதோ வேறோரிடத்தில்!

ஆகவே, வேலையின் வேகத்தை இயந்திரம் தீர்மானிக்கக்கூடாது. சுவரை நிரப்புபவரின் கையே தீர்மானிக்க வேண்டும். "இன்னும் இரண்டு கலவை போதும்" என்று மேலிருந்து குரல் வந்தால், கீழே உள்ளவர் அதற்கேற்ப நிறுத்த வேண்டும். மேற்பார்வையாளர் காலையிலேயே அன்று எவ்வளவு உயரம் நிரப்பப்படும், அதற்கு எத்தனை பலகைகள் தேவை என்பதை அனைவருக்கும் விளக்க வேண்டும். சுண்ணாம்பு தோலையும் கண்களையும் புண்ணாக்கும் என்பதால், கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணியாத எவரையும் வேலையில் இறக்கக்கூடாது.

சுவரைத் தொடாதவர்களையும் இத்திட்டத்தில் சேர்க்க வேண்டும். மின்கம்பிக் குழாய்கள் செல்லும் இடத்தை மின்பணியாளர் முன்கூட்டியே குறிக்காவிட்டால், பின்னர் நிரப்பிய சுவரைக் குடைய நேரிடும். பூச்சுவேலை செய்பவரோ காத்திருக்க வேண்டும். சுவர் உலரப் பல வாரங்கள் ஆகும். ஈரம் வெளியேறும் முன் பூசினால் பூச்சு கெட்டுவிடும். அவர் காத்திருப்பதும் வேலையின் ஒரு பகுதியே.

ஊர் கூடித் தேர் இழுப்பதைப் பாருங்கள். ஒருவர் மட்டும் பலமாக இழுத்தால் தேர் நகராது. எல்லாரும் ஒரே நேரத்தில் இழுத்தால்தான் நகரும். ஹெம்ப்கிரீட் சுவரும் அப்படித்தான் எழுகிறது. தன் வேலையை விரைந்து முடிப்பவர் மட்டும் நல்ல பணியாளர் அல்லர். அடுத்தவருக்கு எது, எப்போது தேவை என்பதை அறிந்து செய்பவரே நல்ல பணியாளர். உங்கள் வகுப்பில் அடுத்த குழுப்பணியைத் தொடங்கும்போது, "என் பங்கை நான் முடித்துவிட்டேன்" என்று சொல்வதற்குமுன், அது அடுத்தவர் கைக்கு உரிய நேரத்தில் சென்றதா என்று எண்ணிப் பாருங்கள்.