காரில் மூடுபனி விளக்கும் மாற்று முகப்பு விளக்கும் பொருத்தும் முறை

எதிரே வரும் ஓட்டுநரின் கண்ணைக் கூசச் செய்யாமல் சாலைக்கு மட்டும் வெளிச்சம் தர வேண்டும் என்பதற்காக, காரின் முகப்பு விளக்கு தன் ஒளியை ஒரு குறிப்பிட்ட கோட்டுக்கு மேலே போகவிடாமல் தடுத்து அனுப்பும்படி வடிவமைக்கப்படுகிறது. இருட்டிய பின் ஒரு சுவரின் முன் காரை நிறுத்தி, பேச்சு வழக்கில் டிம் எனப்படும் தாழ்கதிரைப் போட்டுப் பார்த்தால், கீழே வெளிச்சமும் மேலே இருளும் சந்திக்கும் அந்த எல்லை சுவரில் தெளிவாகத் தெரியும். வெட்டுக்கோடு எனப்படும் இந்த எல்லை கலையாமல் இருக்கிறதா என்பதே, கூடுதல் விளக்குகளை வீட்டிலேயே பொருத்த முனைபவர் பொருள் வாங்கும்போதும் திருகு முடுக்கும்போதும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. எத்தனை வாட், எத்தனை லூமன் என்னும் கணக்கெல்லாம் அதற்குப் பின்னரே வரும்.

இந்தியாவில் வாகனங்கள் சாலையின் இடப்பக்கம் செல்வதால், இங்குள்ள முகப்பு விளக்கின் வெட்டுக்கோடு வலப்பக்கம் தட்டையாகவும், சாலையோரத்தில் நடப்பவரையும் வழிகாட்டிப் பலகைகளையும் காட்டுவதற்காக இடப்பக்கம் சற்று மேலேறியும் அமைந்திருக்கும். வலப்பக்கப் போக்குவரத்து உள்ள நாடுகளுக்கென்று செய்யப்பட்ட விளக்கில் இந்த ஏற்றம் எதிர்ப்பக்கம் அமைவதால், அத்தகைய விளக்கு எவ்வளவு உயர்ந்த தரமுடையதாக இருந்தாலும் இந்தியச் சாலையில் எதிரே வருபவரின் கண்ணிலேயே நேராகப் பாயும். ஐரோப்பிய ஒப்புதல் பெற்ற விளக்குகளின் கண்ணாடியில் வட்டத்துக்குள் ஈ என்னும் ஆங்கில எழுத்தும் ஒரு நாட்டு எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். இடப்பக்கப் போக்குவரத்துக்கு மட்டும் உரிய விளக்கானால், அதை எதிரே நின்று பார்ப்பவரின் வலப்பக்கத்தைக் காட்டும் அம்புக்குறி ஒன்றும் அதனுடன் இருக்கும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குவதற்கு முன்பு இந்தக் குறியைத் தேடிப் பார்ப்பது நல்லது.

கடைகளில் ஃபாக் லைட் என்று கேட்கப்படும் மூடுபனி விளக்கு வேறு வகையைச் சேர்ந்தது. வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளிலோ, ஊட்டி, கோத்தகிரி மலைச் சாலைகளிலோ பனி இறங்கிய வேளையில், பிரைட் எனப்படும் உயர்கதிரைப் போடுபவருக்குச் சாலைக்குப் பதிலாக ஒரு வெள்ளைத் திரையே தெரிகிறது; ஓட்டுநரின் பார்வைக்கோட்டை ஒட்டிச் செல்லும் ஒளியைப் பனித்துளிகள் அவர் கண்ணுக்கே திருப்பி அனுப்புவதே அதற்குக் காரணம். மூடுபனி விளக்கு பம்பரின் அடிப்பகுதியில், பார்வைக்கோட்டிலிருந்து கூடியவரை விலகி நின்று, மேல்விளிம்பு கத்தரித்தாற்போலத் தட்டையான, இருபுறமும் அகன்ற ஒளியைத் தரையை ஒட்டிப் பரப்புவதால், திரும்பி வரும் ஒளி குறைந்து சாலையின் ஓரக்கோடு தெரிகிறது. மஞ்சள் ஒளி பனியை ஊடுருவும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. ஆயினும் பனித்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை என்பதால் அவை எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் சிதறடிக்கின்றன. மஞ்சளில் கண்கூச்சம் குறைவு என்று உணர்பவர்கள் அதைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை; பிரான்சில் 1993 வரை முகப்பு விளக்குகளே மஞ்சளாகத்தான் இருந்தன. ஆனால் நிறத்துக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதைவிட, தெளிவான வெட்டுக்கோடு உள்ள விளக்குக்குக் கொடுப்பது பயனுள்ளது.

சட்டத்தின் நிலையையும் முதலிலேயே அறிந்துகொள்ள வேண்டும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் வரையறுத்தவற்றிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 182-ஏ பிரிவு, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. ஆகவே, அதே மாடலின் உயர்ந்த வகையில் உற்பத்தியாளரே தரும் மூடுபனி விளக்கை, கீழ் வகைக் காரில் அதற்கென்று விடப்பட்ட இடத்தில் பொருத்துவதே சிக்கலற்ற வழி. பம்பரில் பிளாஸ்டிக் மூடியால் அடைத்து விடப்பட்ட பள்ளம் இருந்தால், அது பெரும்பாலும் இதற்கான இடமே. சில கார்களில் மின்கம்பியும் கப்ளரும் மூடிக்குப் பின்னாலேயே வந்திருக்கும் என்பதால், கிட் வாங்குவதற்கு முன் அங்கே கைவிட்டுப் பார்ப்பது வீண்செலவைத் தவிர்க்கும்.

தவிர்க்க வேண்டியவை இரண்டு. முதலாவது, ஹாலஜன் பல்புக்கென்று செய்யப்பட்ட விளக்குக் கூட்டில் எல்.இ.டி. அல்லது எச்.ஐ.டி. பல்பைச் செருகுவது. விளக்கின் உட்புறமுள்ள பிரதிபலிப்பான் மெல்லிய இழை ஒன்று மில்லிமீட்டர் பிசகாமல் ஓரிடத்தில் எரியும் என்று எதிர்பார்த்து வளைக்கப்பட்டது. அந்த இடத்தில் வேறு வடிவும் வேறு பருமனும் கொண்ட ஒளிமூலம் வந்தால் வெட்டுக்கோடு கலைந்து, ஒளி மேலே சிதறுகிறது. காரின் முன்னால் அருகிலுள்ள தரை பளிச்சென்று தெரிவதால் ஓட்டுநர் மகிழ்கிறார். எதிரே வருபவர் ஒன்றும் தெரியாமல் தடுமாறுகிறார். இரண்டாவது, 60/55 வாட் எச்-4 பல்பின் இடத்தில் 100/90 வாட் பல்பைப் போடுவது. அந்த வெப்பம் பல்பு ஹோல்டரை உருக்கி, பிரதிபலிப்பானின் பூச்சையும் கருக்கும்.

வேலைக்குத் தேவையானவை 10 மி.மீ. ஸ்பானர், ஸ்குரூ டிரைவர், பிளாஸ்டிக் கிளிப் கழற்றும் கருவி, மல்டிமீட்டர், கிரிம்பிங் கருவி, சூடுபட்டால் சுருங்கும் உறைக்குழாய், கேபிள் டை ஆகியவை மட்டுமே. காரைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சின் நன்றாக ஆறிய பின், பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்ற வேண்டும். வேலை முடிந்து இணைக்கும்போது அந்த முனை கடைசியில்தான் வர வேண்டும். பாசிட்டிவ் முனையை முடுக்கும் ஸ்பானர் தவறி உடற்தகட்டில் பட்டாலும் மின்பொறி எழாதிருக்க இந்த வரிசை உதவுகிறது. மஞ்சள் உறையிட்ட கம்பிகளும் மஞ்சள் கப்ளர்களும் பெரும்பாலும் ஏர்பேக்குக்கு உரியவை என்பதால் அவற்றைத் தொடவே கூடாது.

மூடுபனி விளக்கின் இருப்பிடத்தை அடைய எல்லாக் கார்களிலும் பம்பரைக் கழற்ற வேண்டியதில்லை. ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக முழுவதும் திருப்பி, முன்சக்கரத்தின் மேலுள்ள பிளாஸ்டிக் உட்கவசத்தின் முன்பகுதிக் கிளிப்புகளை மட்டும் எடுத்து மடக்கினால், கை நுழையும் அளவு இடம் பல கார்களில் கிடைக்கும். பழைய மூடியை எடுத்துவிட்டு, விளக்கைப் பிடிமானத்தில் வைத்துத் திருகுகளை அரைமுடுக்காக விட்டு, கோணம் சரிசெய்த பிறகே முழுமையாக முடுக்க வேண்டும். பள்ளம் இல்லாத பம்பரில் புதிதாகப் பொருத்துபவர், ஐ.நா.வின் 48ஆம் எண் விதிமுறை கூறும் அளவுகளைக் கடைப்பிடிக்கலாம்: தரையிலிருந்து 25 செ.மீ.க்குக் குறையாமலும் 80 செ.மீ.க்கு மேற்படாமலும், காரின் வெளிவிளிம்பிலிருந்து 40 செ.மீ.க்குள்ளும் விளக்கு இருக்க வேண்டும்.

மின்னிணைப்பே இந்த வேலையின் கடினமான பகுதி. 55 வாட் விளக்குகள் இரண்டு சேர்ந்து 110 வாட்; எஞ்சின் ஓடும்போது மின்னழுத்தம் ஏறத்தாழ 13.5 வோல்ட் என்று கொண்டால், மின்னோட்டம் 8 ஆம்பியரைத் தாண்டும். இவ்வளவையும் டாஷ்போர்டிலுள்ள சிறிய சுவிட்ச் வழியாக ஓட்டினால் அது சூடேறிக் கருகும். அதற்காகவே ரிலே பயன்படுகிறது. சிறு மின்னோட்டத்தைக் கொண்டு பெரு மின்னோட்டத்தைத் திறந்து மூடும் மின்காந்தச் சுவிட்ச் அது. அதன் அடியிலுள்ள முனைகளில் 85, 86 என்ற எண்கள் மின்காந்தச் சுருளின் இரு முனைகளையும், 30, 87 என்பவை பெரு மின்னோட்டம் செல்லும் வழியையும் குறிக்கும். ஐந்து முனை ரிலேயின் நடுவிலுள்ள 87-ஏ, ரிலே இயங்காத நேரத்தில் இணைப்பில் இருப்பது. விளக்குக் கம்பியை அதில் செருகிவிட்டால், சுவிட்சை அணைக்கும்போது விளக்கு எரியும், போடும்போது அணையும்.

பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து 2.5 சதுர மி.மீ. கம்பி ஒன்றை 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 30ஆம் முனைக்குக் கொண்டுவர வேண்டும். ஃபியூஸ் காப்பது விளக்கை அல்ல, கம்பியையே. எனவே அது பேட்டரியிலிருந்து ஒரு சாண் தொலைவுக்குள் இருந்தாக வேண்டும், ஏனெனில் ஃபியூசுக்கு முன்னுள்ள கம்பி எங்கேனும் உரசி எர்த் ஆனால் தீப்பிடிப்பதைத் தடுக்க எதுவும் இல்லை. 87ஆம் முனையிலிருந்து இரு விளக்குகளுக்கும் கிளை பிரிய வேண்டும். ஒவ்வொரு விளக்கின் எர்த் கம்பியையும் பெயின்ட் சுரண்டிய உடற்தகட்டில் போல்ட்டுடன் இறுக்க வேண்டும். புதிய விளக்கு மங்கலாக எரிவதற்குக் காரணம் தேடுபவர் முதலில் பார்க்க வேண்டியது இந்த எர்த்தைத்தான். கம்பியின் பருமனில் சிக்கனம் பார்ப்பதும் தவறு. அரை சதுர மி.மீ. கம்பி மூன்று மீட்டர் நீளத்தில் 8 ஆம்பியரைச் சுமந்தால் ஏறத்தாழ 0.9 வோல்ட் வழியிலேயே வீணாகும்; ஹாலஜன் பல்பின் ஒளி மின்னழுத்தத்தைவிட வேகமாக வீழ்வதால், அந்த 7 விழுக்காட்டு இழப்பு ஒளியில் சுமார் 20 விழுக்காடாகிறது.

85ஆம் முனை எர்த்துக்கும், 86ஆம் முனை டாஷ்போர்டுச் சுவிட்ச் வழியாகப் பார்க்கிங் விளக்கின் ஃபியூசுக்கும் செல்ல வேண்டும். அப்போதுதான் பார்க்கிங் விளக்கை அணைத்தவுடன் மூடுபனி விளக்கும் அணைந்து, மறதியால் பேட்டரி இறங்கிப் போவது தவிரும். பார்க்கிங் கம்பியின் உறையை அறுத்து ஒட்டுப்போடுவதைவிட, ஃபியூஸ் பெட்டியில் செருகும் ஃபியூஸ் டேப் என்ற கிளை இணைப்பியைப் பயன்படுத்துவது மேல். விளக்குகளைக் கணினி கண்காணிக்கும் புதிய கார்களில் கம்பியை வெட்டினால் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியலாம், உத்தரவாதமும் கேள்விக்குள்ளாகலாம். எஞ்சின் அறையிலிருந்து உள்ளே கம்பி நுழைய, ஏற்கெனவே உள்ள ரப்பர் வளையத்தில் சிறு துளையிட்டு வழி செய்ய வேண்டும். உள்ளே வந்த கம்பி பிரேக் பெடலுக்கும் ஸ்டீயரிங் தண்டுக்கும் அருகே தொங்கக் கூடாது.

முகப்பு விளக்கை மாற்றுவது பல கார்களில் இதைவிட எளிது; அம்பாசடர், மாருதி ஜிப்சி போன்றவற்றின் 7 அங்குல வட்ட விளக்குகளில் வளையத்தைக் கழற்றினாலே விளக்கு கைக்கு வந்துவிடும். புதிய எச்-4 பல்பின் கண்ணாடியை விரலால் தொடக் கூடாது. விரலின் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிய இடம் அளவுக்கு மீறிச் சூடாகி பல்பின் ஆயுள் குறையும் என்பதால், தொட்டுவிட்டால் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். பழைய கார்களில் ரிலே கிட் சேர்ப்பவர், சுசுகி, டொயோட்டா போன்ற ஜப்பானிய வடிவமைப்புகள் சிலவற்றில் டிம், பிரைட் சுவிட்ச் எர்த் பக்கத்தில் இருப்பதை நினைவில் கொண்டு, கப்ளரின் எந்த முனையில் எப்போது 12 வோல்ட் வருகிறது என்பதை மல்டிமீட்டரால் அளந்த பிறகே இணைக்க வேண்டும்.

பலர் விட்டுவிடும் இறுதிக் கட்டம் கோணம் சரிசெய்வது. டயர்களில் உரிய காற்று அடைத்து, ஓட்டுநர் இருக்கையில் ஒருவரை அமர்த்தி, விளக்கின் உயரத்தை மாற்றும் திருகுவிசை டாஷ்போர்டில் இருந்தால் அதைச் சுழியத்தில் வைத்து, சுவரிலிருந்து 10 மீட்டர் தொலைவில் காரை நேராக நிறுத்த வேண்டும். விளக்குகளின் மைய உயரத்தைச் சுவரில் ஒட்டுநாடாவால் குறித்த பின், தாழ்கதிரின் வெட்டுக்கோடு முகப்பு விளக்கின் குறியிலிருந்து 10 முதல் 15 செ.மீ. கீழே விழும்படி, அதாவது 1 முதல் 1.5 விழுக்காட்டுச் சரிவில், விளக்கின் பின்புறத் திருகைத் திருப்ப வேண்டும். விளக்கின் உடலில் விழுக்காட்டு எண் ஏதும் அச்சிடப்பட்டிருந்தால் அதையே பின்பற்ற வேண்டும். மூடுபனி விளக்குக்குத் தன் குறியிலிருந்து 15 செ.மீ.க்குக் குறையாத இறக்கம் தேவை.

40 செ.மீ. உயரத்தில் இருக்கும் மூடுபனி விளக்கு 1.5 விழுக்காடு இறங்கினால், அதன் வெட்டுக்கோடு சுமார் 27 மீட்டரில் தரையைத் தொட்டுவிடும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடப்பதால், ஓட்டுநர் தடையைக் கண்டு பிரேக்கை மிதிப்பதற்குள்ளேயே அந்த வெளிச்சத்தின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். எனவே பனியில் மெதுவாகச் செல்லும்போது மட்டுமே அதை எரிய விட்டு, பனி விலகியதும் அணைத்துவிட வேண்டும். எதிரே வரும் வாகனங்கள் தொடர்ந்து விளக்கைச் சிமிட்டினால் கோணம் இன்னும் உயரமாக இருக்கிறது என்று கொண்டு, மறுநாளே சுவரின் முன் நிறுத்தி மீண்டும் அளக்க வேண்டும்.