பாடும் விதமே பாட்டின் உயிர்



நத்தார் இரவுத் திருப்பலி முடிந்து வீடு திரும்பும்போது, "இம்முறை பாட்டுகள் மனதைத் தொட்டன" என்று சில வருடங்களில் சொல்கிறோம். வேறு சில வருடங்களில், "ஏனோ மனதில் ஒட்டவில்லை" என்கிறோம். பாட்டும் அதே பாட்டு. இராகமும் அதே இராகம். அப்படியாயின் இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? பாடிய விதத்திலிருந்தே வந்தது.

இதை விளங்கிக்கொள்ள, உலகெங்கும் பாடப்படும் 'சைலன்ட் நைட்' என்னும் நத்தார்ப் பாடலை எடுத்துக்கொள்வோம். இதன் வரிகளை ஒஸ்திரியா நாட்டுக் குருவானவர் யோசேப் மோர் 1816ஆம் ஆண்டில் ஜேர்மன் மொழியில் எழுதினார். பாடசாலை ஆசிரியரான பிரான்ஸ் சேவியர் குரூபர் 1818ஆம் ஆண்டு டிசெம்பர் 24ஆம் நாள் அதற்கு இசையமைத்தார். அன்றிரவே ஒபேர்ண்டோர்ப் என்னும் ஊரின் புனித நிக்கலஸ் ஆலயத்தில், ஒரு கித்தாரின் துணையுடன் அவ்விருவரும் அதைப் பாடினர். அப்பாடலின் உணர்வை நான்கு காரியங்கள் உருவாக்குகின்றன.

முதலாவது, வேகம். இதன் தாளம் ஆறு எண்ணிக்கை கொண்டது. மும்மூன்றாக இரு பகுதிகளாய் அசையும். ஏணை ஒருபுறம் போய் மறுபுறம் வருவது போன்ற அசைவு அது. விரைவாகப் பாடினால் ஏணை மறைந்து நடனம் வந்துவிடும். மிக மெதுவாக இழுத்தாலோ ஏணை அசையாமல் நின்றுவிடும்.

இரண்டாவது, ஓசையின் அளவு. இப்பாடலின் மிக உயர்ந்த சுரம் ஒவ்வொரு சரணத்தின் முடிவையண்டி வருகிறது. முதற் சரணத்தில், பாலனை நித்திரை கொள்ளும்படி கேட்கும் இடம் அது. சுரம் உயரும்போது குரலையும் உயர்த்திவிடுவது பாடுவோரின் இயல்பு. ஆனால் அங்கே சத்தமிட்டால் குழந்தை விழித்துவிடுமல்லவா? உயர்ந்த சுரத்தையும் மென்மையாகப் பாடலாம். அதற்குத்தான் பயிற்சி வேண்டும்.

மூன்றாவது, சுரங்களைத் தொடுக்கும் முறை. ஒவ்வொரு சுரத்தையும் வெட்டி வெட்டிப் பாடினால் அணிவகுப்புப் போலாகும். ஒன்றோடொன்று இழைத்து, ஒரே மூச்சில் ஒரு வரியைப் பாடினால் தாலாட்டாகும்.

நான்காவது, ஒலியின் நிறம். கித்தாரின் மெல்லிய நரம்பொலி ஒருவகை. எக்காளமும் மேளமும் வேறுவகை. திருச்சபையும் இதை நன்கு அறிந்தே வழிபாட்டை ஒழுங்கு செய்துள்ளது. பெரிய வியாழன் மாலை 'உன்னதங்களிலே' பாடும்போது ஒலிக்கும் மணிகள், பாஸ்கா இரவில் அதே கீதம் பாடப்படும்வரை மௌனமாயிருக்கின்றன. அந்த மௌனம் இருப்பதால்தான் பாஸ்கா மணியோசை நம்மைச் சிலிர்க்க வைக்கிறது.

ஆகவே மெதுவும் மென்மையும் மட்டுமே நல்லவை என்று எண்ணிவிட வேண்டாம். உயிர்ப்பு விழாவின் அல்லேலூயாவை முணுமுணுப்பாகப் பாடுவதும் தவறே. மகிழ்ச்சிக்கு வேகமும் முழக்கமும் வேண்டும். துயரத்துக்கு நிதானமும் இடைவெளியும் வேண்டும். பாட்டு என்ன சொல்கிறது என்று முதலில் கேட்டு, பின்னர் பாடத் தொடங்குவதே முறை.

பாடகர் குழுவில் உள்ள பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது அவசியம். அடக்க ஆராதனையில், பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் முன் வாங்கில் அமர்ந்திருப்பாள். நாம் பாட்டை அவசரமாகப் பாடி முடித்தால், அவள் அழவும் முடியாது, செபிக்கவும் முடியாது. அதே பாட்டை நிறுத்தி நிதானமாகப் பாடினால், அவளுடைய துயரத்துக்கு அதில் ஓர் இடம் கிடைக்கும். ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டுவதால் கிடைக்கும் பலன் அல்ல இது.

இன்றிரவு குடும்ப செபம் முடிந்தபின் ஒரு சிறு பரீட்சை செய்து பாருங்கள். எல்லோருக்கும் தெரிந்த பாட்டு ஒன்றின் முதற் சரணத்தைக் கைதட்டி, விரைவாகவும் உரத்தும் பாடுங்கள். பின்னர் அதையே மெதுவாக, மென்மையாக, வரிகளை இழைத்துப் பாடுங்கள். வீட்டிலுள்ள சின்னப் பிள்ளையிடம், "எது நித்திரைப் பாட்டு?" என்று கேளுங்கள். பிள்ளை சரியாகவே சொல்லும்.